வெற்றியா தோல்வியா: 'வார்கிராஃப்ட்' படமும் 43.9 கோடி டாலரும்

2016 ஜூனில் வெளியான 'வார்கிராஃப்ட்' திரைப்படத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகள் ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன. வெளியான காலத்தில் கணினி விளையாட்டுகளைத் தழுவி எடுக்கப்பட்ட படங்களிலேயே மிக அதிக வசூலைப் பெற்ற படம் அது என்பது ஒன்று. பல கோடி டாலர் நட்டத்தில் முடிந்த தோல்விப் படம் அது என்பது மற்றொன்று. திரைப்பட ஆய்வில் ஈடுபடும் மாணவர்கள் தத்தம் வாதத்திற்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். சீன இரசிகர்களின் எழுச்சியைப் பற்றி எழுதுபவர் முதற்கூற்றை எடுப்பார். விளையாட்டுத் தழுவல்கள் ஏன் திரையில் எடுபடுவதில்லை என்று எழுதுபவர் இரண்டாவதை எடுப்பார். இரண்டுக்கும் சான்றாகக் காட்டப்படுவது 43.9 கோடி டாலர் என்னும் ஒரே எண்.

அந்த எண்ணில் ஐயமில்லை. உலகெங்கும் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ அதுவே. படத்தின் தயாரிப்புச் செலவாக வெளியில் சொல்லப்பட்டது 16 கோடி டாலர். தயாரிப்புச் செலவைப் போல இரண்டரை மடங்கு வசூலானால் படம் தப்பித்தது என்றொரு வாய்பாடு வணிக இதழ்களில் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. 16-ஐ இரண்டரையால் பெருக்கினால் 40. படம் ஈட்டியதோ 43.9. வாய்பாட்டின்படி வெற்றி என்றே எழுத வேண்டும். ஆயினும் படம் நட்டத்தில் முடிந்தது என்றே அக்காலத்து ஹாலிவுட் வணிக இதழ்கள் மதிப்பிட்டன.

முரண்பாட்டின் வேர் அந்த 43.9 கோடி எங்கெங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிடைத்தது 4.74 கோடி டாலர் மட்டுமே. சீனாவில் மட்டும் சுமார் 22 கோடி. எஞ்சிய 17 கோடிச் சொச்சம் பிற நாடுகளுடையது. இரசிகர் கொடுக்கும் பணம் முழுவதும் தயாரிப்பாளரைச் சென்றடைவதில்லை. திரையரங்கும் விநியோகமும் வரியும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மீதி போய்ச் சேரும். அமெரிக்காவில் பொதுவாகப் பாதியளவு படநிறுவனத்திற்குத் திரும்பும். பிற வெளிநாடுகளில் அது நாட்டுக்கு நாடு வேறுபடும். சராசரியாக 40 விழுக்காடு என்று கொள்ளும் வழக்கம் உண்டு. சீனாவிலோ, 2012-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 34 வெளிநாட்டுப் படங்கள் வருவாய்ப் பங்கீட்டு முறையில் அனுமதிக்கப்பட்டன. அவற்றுக்குரிய பங்கு 25 விழுக்காடு. அதற்கு முன்பு இருந்த பங்கு இதனினும் குறைவு என்பதால் ஹாலிவுட் அன்று அதைப் பெரும் ஆதாயமாகவே கருதியது.

இந்த விகிதங்களைப் பொருத்திப் பார்த்தால் அமெரிக்காவிலிருந்து 2.4 கோடி, சீனாவிலிருந்து 5.5 கோடி, பிற நாடுகளிலிருந்து 6.9 கோடி, ஆக 14.8 கோடி டாலர் திரும்பியிருக்கும். இது தோராயக் கணக்குதான். விகிதங்களைச் சற்றே மாற்றினால் விடையும் மாறும். எனினும் தயாரிப்புச் செலவான 16 கோடியைக்கூட இத்தொகை எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அளவிலான படங்களுக்கு உலகளாவிய விளம்பரமும் வெளியீடும் தனியே பத்துக் கோடி டாலரை நெருங்குவது அரிதன்று. இனி ஒரு கற்பனை: அமெரிக்க வசூலும் சீன வசூலும் இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொத்தம் அதே 43.9 கோடிதான். ஆனால் திரும்பும் தொகை 19.1 கோடி ஆகிவிடும். சீட்டு வாங்கிய பணத்தில் ஒரு டாலர்கூடக் கூடாமல், வாங்கியவர்கள் இருக்கும் நாடு மாறியதால் மட்டும் 4.3 கோடி டாலர் வேறுபாடு. மொத்த வசூலை மட்டும் வைத்துப் படத்தின் பொருளாதார நிலையை எழுதும் கட்டுரைகள் இந்த ஓர் இடத்தில் சறுக்கிவிடுகின்றன. (இந்தியத் திரைப்பட வணிகத்தில் மொத்த வசூல், நிகர வசூல், விநியோகஸ்தரின் 'ஷேர்' என்று மூன்றையும் பிரித்துப் பேசுவது பழைய வழக்கம். சுவரொட்டியில் அச்சாகும் கோடிகளை நம்பி எந்த விநியோகஸ்தரும் படம் வாங்குவதில்லை. ஆய்வுலகம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.)

இதோடு முடிந்திருந்தால் 'தோல்வி' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் திரும்பிய பணம் எவருடைய கணக்கில் சேர்கிறது என்ற கேள்வி நிற்கிறது. படத்தைத் தயாரித்த லெஜண்டரி நிறுவனத்தைச் சீனாவின் வாண்டா குழுமம் 2016 ஜனவரியில், அதாவது படம் வெளியாவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, 350 கோடி டாலருக்கு வாங்கியது. சீனாவின் மிகப்பெரிய திரையரங்குத் தொடர் அப்போது வாண்டாவுடையதாக இருந்தது. அமெரிக்காவின் ஏஎம்சி திரையரங்குகளையும் அது 2012-லேயே வாங்கியிருந்தது. சீனாவில் சீட்டு விலையில் பாதியளவு திரையரங்கிடமே தங்கிவிடும். ஆகவே வாண்டா திரையரங்கொன்றில் 'வார்கிராஃப்ட்' பார்த்த ஒருவர் கொடுத்த பணத்தில் தயாரிப்பாளரின் பங்கும் திரையரங்கின் பங்கும் சுற்றிவளைத்து ஒரே குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தன. லெஜண்டரியின் ஏட்டில் நட்டமாகத் தெரிவது குழுமத்தின் ஒருங்கிணைந்த ஏட்டில் அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டென்சென்ட், ஹுவாயி பிரதர்ஸ் போன்ற சீன நிறுவனங்களும் படத்தில் பங்கு கொண்டிருந்தன. அமெரிக்காவில் படத்தை வெளியிட்ட யுனிவர்சலின் நிலைமை வேறு. விளையாட்டின் உரிமையாளரான பிளிசார்டின் நிலைமை முற்றிலும் வேறு.

பிளிசார்டைப் பொறுத்தவரை படத்தை ஒரு விளம்பரமாகவும் பார்க்கலாம். 1994-இல் 'வார்கிராஃப்ட்: ஓர்க்ஸ் அண்ட் ஹியூமன்ஸ்' என்று தொடங்கிய விளையாட்டு, 2004-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணையவழி வடிவம் பெற்று, 2010-இல் 1.2 கோடிச் சந்தாதாரர்கள் என்ற உச்சத்தைத் தொட்டது. படம் அறிவிக்கப்பட்டது 2006-இல். முதலில் சாம் ரைமி இயக்குவதாக இருந்து, பின்னர் டங்கன் ஜோன்ஸ் கைக்கு மாறி, வெளியாவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. இதற்குள் விளையாட்டின் பொற்காலம் கழிந்துவிட்டது. சந்தாதாரர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. படம் வந்து மூன்று மாதங்களுக்குள், 2016 ஆகஸ்ட் இறுதியில், 'லீஜியன்' என்னும் விரிவாக்கத்தைப் பிளிசார்ட் வெளியிட்டது. முதல் நாளிலேயே 33 இலட்சம் படிகள் விற்றன. இதில் படத்தின் பங்கு எவ்வளவு? அளந்து சொல்ல வழியில்லை. அளக்க முடியாத காரணத்தாலேயே படத்தின் வரவு ஏட்டில் அது ஒரு காசாகவும் பதிவாவதில்லை.

சீன வசூலை முன்வைத்து எழுப்பப்படும் பண்பாட்டு வாதத்தையும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கர் வெறுத்த படத்தைச் சீனர் தலைமேல் வைத்துக் கொண்டாடினர், இரு நாட்டு இரசனையும் பிரிந்துவிட்டது என்பது அந்த வாதம். எண்கள் அதற்கு முழுதாகத் துணைநிற்கவில்லை. சீனாவில் ஜூன் 8 அன்று வெளியான படம் முதல் ஐந்து நாட்களில் 15.6 கோடி டாலரைத் திரட்டியது. அந்நாட்டில் அதற்குக் கிடைத்த மொத்த வசூலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இது. அதன் பிறகு வேகமாக வடிந்துவிட்டது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 2.42 கோடி, அதாவது மொத்தத்தில் பாதி. அடுத்த வார இறுதியில் வசூல் 70 விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. அளவில் பெரும் வேறுபாடு இருந்தாலும் வளைவின் வடிவம் இரு நாடுகளிலும் ஒன்றேதான். விளையாட்டை ஆடியவர்கள் முதல் நாட்களில் திரண்டு வந்தார்கள். ஆடாதவர்கள் பின்னால் வரவில்லை. சீனாவில் ஆடியவர்கள் மிகப் பலர் என்பதே வேறுபாடு. வெளியான நாளும் உதவியது: தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வு முடியும் தறுவாயில், டிராகன் படகுத் திருவிழா விடுமுறைக்கு முந்தைய நாளில் படம் வந்தது. இணைய விளையாட்டு நிலையங்களில் இளமையைக் கழித்த ஒரு தலைமுறையின் பழைய நட்பு வட்டங்கள் மீண்டும் கூடிய நிகழ்வாகவே அந்த ஐந்து நாட்களைப் புரிந்துகொள்வது பொருத்தம். இரசனை மாற்றத்திற்கு அதைச் சான்றாக்குவது சிறிய அடித்தளத்தின்மீது பெரிய மாளிகை எழுப்புவது போன்றது.

ஒப்பீட்டுக்கு 2023 மார்ச் இறுதியில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமங் தீவ்ஸ்' படத்தைக் கொள்ளலாம். அதுவும் மிகுபுனைவு விளையாட்டொன்றின் தழுவலே. விமர்சகர்கள் பாராட்டினார்கள், பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். அமெரிக்க வசூல் 9.3 கோடி டாலர், 'வார்கிராஃப்ட்' பெற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் உலக மொத்தம் 20.8 கோடியோடு நின்றது. செலவோ 15 கோடி. வெளியான ஐந்தாம் நாள் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அரங்குகளுக்கு வந்து குடும்பங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மேற்சொன்ன முறையில் கணக்கிட்டால் திரும்பியது ஒன்பது கோடியைச் சற்றே தாண்டும். இங்கே எந்த வாய்பாட்டின்படியும் திரையரங்கு வருவாய் போதாது. எனினும் அந்தப் படத்தைப் பற்றி 'பாவம், நல்ல படம், ஓடவில்லை' என்ற தொனியிலேயே எழுதப்படுகிறது. 'வார்கிராஃப்ட்' பற்றியோ இகழ்ச்சியே மிஞ்சுகிறது. நிதி பற்றிய தீர்ப்பாக முன்வைக்கப்படுவதில் பெரும்பகுதி கலை பற்றிய தீர்ப்பு என்பதை இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கிறது.

நிறுவனங்களே வெளியிடும் கணக்கைக் கேட்கலாமே என்றால் அதுவும் தெளிவு தராது. 'ஹாரி பாட்டர் அண்ட் தி ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' 93 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம்; 2010-இல் வெளியில் கசிந்த இலாபப் பங்கு அறிக்கையோ அதை 16.7 கோடி டாலர் நட்டமாகக் காட்டியது. வட்டி, விநியோகக் கட்டணம், நிர்வாகச் செலவு என்று தன் பிரிவுகளே தனக்கு விதித்துக்கொள்ளும் தொகைகளைக் கழித்தால் எந்தப் படமும் நட்டத்தில் போகும். நிகர இலாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு அந்த அறிக்கை; பங்குதாரர்களுக்கு வேறொன்று. காலமும் ஒரு சிக்கல். அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி ஒரு படத்தின் எதிர்பார்க்கப்படும் வருவாயை, பொதுவாக, வெளியான நாளிலிருந்து பத்தாண்டுகள் வரை மதிப்பிட்டு அதற்கேற்பச் செலவை ஏட்டில் பகிர்ந்தெழுதுவார்கள். 2016 ஜூனில் வந்த படத்திற்கு அந்த எல்லை 2026 ஜூன். தொலைக்காட்சி, இணையவழி ஒளிபரப்பு, வீட்டுக் காணொளி என்று வந்துகொண்டேயிருக்கும் சிறு வருவாய்கள் அதுவரை கணக்கில் சேரும். ஊடகங்கள் தீர்ப்பு எழுதியது முதல் மூன்றாம் நாளில்.

அந்த மூன்றாம் நாள் தீர்ப்பு வெறும் சொல்லாகக் கரைந்துபோவதில்லை. டங்கன் ஜோன்ஸ் மனத்தில் இருந்தது ஒரே படமன்று. கதையை அடுத்தடுத்த படங்களுக்குக் கொண்டு செல்ல எண்ணியிருந்தார். ஓர்க் இனத்தவரின் முகத்தையும் உடலையும் நடிகர்களின் அசைவுகளிலிருந்து உருவாக்க இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கலைஞர்கள் செய்த அடிப்படை வேலை, ஒருமுறை முடிந்தால் பின்வரும் படங்களுக்கும் பயன்படக்கூடியது. இத்தகைய முதலீடு மூன்று படங்களின் தலையில் பிரிந்து விழ வேண்டியது. அடுத்த படம் வராததால் முழுவதும் முதற்படத்தின் தலையிலேயே விழுந்தது. தோல்வி என்று சொன்னதால் தொடர்ச்சி நின்றது. தொடர்ச்சி நின்றதால் தோல்வியின் அளவும் பெருகியது. இதில் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது எளிதன்று.

படத்தின் இறுதிக் காட்சியில் கோயெல் என்னும் ஓர்க் குழந்தை கூடையில் ஆற்றோடு மிதந்து வந்து மனிதர்களின் கையில் சேர்கிறது. அது வளர்ந்து த்ரால் என்னும் தலைவனாவதை 2002-இல் வெளியான மூன்றாம் 'வார்கிராஃப்ட்' விளையாட்டை ஆடியவர்கள் அறிவார்கள். திரையில் அந்தக் குழந்தை இன்னும் கூடையிலேயே இருக்கிறது.