எத்தனை பேரில்?

பிளஸ் டூ கணக்கு வாத்தியாரான எனக்கு, ரிட்டயர் ஆன பிறகும் இன்ஜினியரிங் கவுன்சலிங் சீசனில் ஓய்வில்லை. சாய்ஸ் லிஸ்ட் போட்டுத் தரச் சொல்லிப் பிள்ளைகள் வருவார்கள். இந்த வருஷம் ஒரு பையன், "கட்-ஆஃப் தட்டினா ஆப்பே லிஸ்ட் குடுத்துடுது சார், இதுக்கு எதுக்கு நீங்க?" என்றான். கூட வந்த அப்பாவும் சிரித்தார்.

போன வருஷக் கட்-ஆஃபை அப்படியே நம்புவது முதல் கோளாறு. வினாத்தாள் எளிதாக வந்தால் அதே 185-க்கு ரேங்க் எங்கோ பின்னால் போய்விடும். பார்க்க வேண்டியது, உன் கம்யூனிட்டியில், நீ கேட்கும் பிராஞ்சில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க். லிஸ்டில் ஆசைப்பட்டது மேலே, கிடைக்கக்கூடியது கீழே. மாற்றிப் போட்டால் ஆசைப்பட்டது கிடைக்காது.

இவை ஒரு மணி நேரத்தில் பிடிபடும். பிடிபடாதது பிளேஸ்மென்ட் சதவீதம். '95% பிளேஸ்மென்ட்' என்று பேனர் கட்டியிருந்தால், எத்தனை பேரில் என்று கேட்கச் சொல்வேன். ஒரு கணக்குக்கு, 600 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இல்லாமல், பத்தாவதிலிருந்தே அறுபது சதவீதம் எடுத்து, 'தகுதி' பெற்றவர்கள் 300. அதில் 285 பேருக்கு வேலை. பேனர் பொய் சொல்லவில்லை. 285-ஐ 300-ஆல் வகுத்திருக்கிறது. நான் 600-ஆல் வகுப்பேன். 47.5 வரும்.

இந்த எண்களை எங்கே தேடுவது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசை 2016 முதல் வருகிறது. அதில் ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், மற்றவர்கள் மனதில் இருக்கும் பெயருக்கு 10. பி.இ. சேரப்போகிற பிள்ளைக்கு இவற்றால் நேரடிப் பயன் குறைவு. ஆனால் அதன் இணையதளத்தில், தரவரிசையில் இடம்பிடித்த கல்லூரிகள் கொடுத்த கணக்கு பி.டி.எஃப். ஆகக் கிடக்கிறது: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பளத்தின் இடைநிலை என்ன. அந்தச் சம்பளமும் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். எல்லா பிராஞ்சும் கலந்தது. சிவிலுக்கு இடம் கேட்பவன் கம்ப்யூட்டர் சயன்ஸின் சம்பளத்தைப் பார்த்து மயங்கக்கூடாது.

யாரும் அந்த பி.டி.எஃப்.-ஐத் திறப்பதில்லை. பைக் வாங்க நாலு ஷோரூம் ஏறி மைலேஜ் விசாரிக்கிற குடும்பம், நாலு வருஷப் படிப்பை ஒரு யூடியூப் வீடியோவில் முடித்துவிடுகிறது. ஆப் மேல் எனக்குக் கோபமில்லை. வகுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதுவும் உதவும். வகுத்தலைத் தொடக்கப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம்.