ஸ்ரீநிவாஸ் இல்லாத மேடை

திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயிலில் திருவிழா நாகஸ்வரம் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஊதுகிறவர் கண் கூட்டத்தின் மேல் இருக்காது. தவில்காரர் முகத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு. அடுத்த பிடி அதிலிருந்து பிறக்கும். ஜாஸ் இசையும் ஏறக்குறைய இப்படித்தான். கையில் ஒரு மெட்டு இருக்கும். மற்றதெல்லாம் எதிரில் இருக்கிற நண்பரைப் பார்த்து அப்போதைக்கப்போது வாசிப்பது. அந்த நண்பர் போய்விட்டால் இசையிலேயே ஓர் இடம் காலியாகிவிடும்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. பிற்பாடு கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினும் தபலா மேதை ஜாகிர் உசேனும் தங்கள் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஷங்கர் மகாதேவனும், கடம் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் அதே மேடையில். மெக்லாஃப்ளின் ஒரு கேள்வி கேட்பதுபோல் வாசித்து நிறுத்துவார். ஸ்ரீநிவாஸ் பதில் சொல்லிவிட்டுக் குழந்தைபோல் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே வீடியோ பார்க்கிறவர்கள் உண்டு.

2014 செப்டம்பர் 19-ல் அவர் காலமானார். 45 வயதெல்லாம் ஒரு வயதா?

குழு மறுபடி 'சக்தி'யாக மேடை ஏறியபோது அங்கே இன்னொரு மாண்டலின் இல்லை. கணேஷ் ராஜகோபாலனின் வயலின் வந்தது. இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் ஒரு இசைக்கு 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்ரீனியின் கனவு! அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த ஆல்பம் கிராமி விருது வாங்கியது. அதே டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

ஜாஸ்காரர்களுக்கு இது பழக்கம்தான். அமெரிக்காவில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன் 1956-ல் கார் விபத்தில் இறந்தபோது வயது 25. நண்பர் பென்னி கோல்சன் அவர் நினைவாக ஒரு மெட்டு அமைத்தார். பிரவுனை நேரில் பார்க்காதவர்களும் இன்றுவரை அதை வாசிக்கிறார்கள்.

கேட்கிறவர்களுக்கும் இந்த இழப்பு உண்டு. விருத்தாசலம் போய் ரயிலேறி, சென்னையில் டிசம்பர் கச்சேரி கேட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவருக்கு ராகம் தெரியும், இன்னொருவருக்குத் தாளம். "மோகனம்டா" என்று காதோரம் சொன்னவர் இல்லாத வருஷம், மற்றவர் தனியே போய் உட்காருவார். நல்ல இடம் வந்ததும் தலை தானாகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பும்.