கௌஸ்தாத்தின் செங்கல் கட்டடங்கள்

ஒஸ்லோவில் ட்ரிக் ஏறி றிக்ஸ்ஹொஸ்பித்தாலே கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால், கிட்டவே கௌஸ்தாத் மருத்துவமனையின் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் தெரியும். நோர்வே அரசின் முதல் மனநல மருத்துவமனை; திறந்தது 1855இல்.

அதற்கு முதல் என்ன செய்தார்கள் என்று அறிய, பழைய நகரமான கம்லபீயனுக்குப் போகவேணும். அங்கே பிரான்சிஸ்கன் துறவிமடம் இருந்த இடத்தில் 1538இல் ஒஸ்லோ ஹொஸ்பித்தால் உருவானது. 18ஆம் நூற்றாண்டில் அதில் மனநோயாளருக்கென்று தனி வீடு கட்டினார்கள். குணப்படுத்த அல்ல, அடைத்து வைக்க.

இதை மாற்றப் பாடுபட்டவர் ஹேர்மன் வேடல் மயோர் என்ற மருத்துவர். மனநோயாளரை மருத்துவரின் பொறுப்பில் பராமரிக்கச் சொன்ன 1848ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கௌஸ்தாத்துக்கும் அடித்தளம் போட்டவர் அவர்தான். திறப்பைக் காணாமலே 1854இல் கப்பல் விபத்தில் இறந்துபோனார். மருத்துவமும் தவறாமல் நடக்கவில்லை. 1941இலிருந்து இங்கே லோபோட்டமி என்ற மூளை அறுவையும் செய்தார்கள்.

எங்கட ஆக்கள் "பேய் பிடிச்சிட்டுது, செய்வினை" என்று நூல் கட்டுவார்கள். தமிழ்நாட்டு ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த 28 மனநோயாளர் 2001 ஓகஸ்ட் 6 அன்று தீயில் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை.

அம்மெருட் முருகனிடம் போங்கோ, மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் குடும்ப வைத்தியரிடமும் சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் பொதுவாகத் தடுக்கிறது. தாயின் கண்ணீரைப் பத்து வயதுப் பிள்ளை நோர்வேஜிய மொழியில் சொல்லத் தேவையில்லை.