நாலாயிரம் கோப்புகளும் இரண்டு பலகங்களும்

‘பவர் யூசர்’ எண்டு சொன்னால் அது கொம்பியூட்டர் சயன்ஸ் பெடியளின் விசயம் என்ற நினைப்பு எங்கட பீடத்தில் இருக்கிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற படம்தான் மனதில் வரும். ஆனால் நாட்டார் பாடல் சேகரிக்கிற கலைப்பீடக்காரர் ஆறு பேரின் லப்டொப்பைத் திறந்து பாருங்கோ. ஒலிப்பதிவு, அதைக் கேட்டு எழுதின பிரதி, பாடினவரின் படம், சம்மதக் கடிதத்தின் ஸ்கான். எல்லாமாக 4000 கோப்புகளுக்கு மேல் எங்களிட்ட இருக்கின்றன. இவ்வளவையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய எவரும் பவர் யூசர்தான்.

எங்களுக்கு அருவி வெட்டுப் பாட்டுப் பாடித் தந்த ஒரு அம்மம்மா இப்ப உயிரோடு இல்லை. அவவின் குரல் மூன்று கோப்புகளாக எங்களிட்ட இருக்கிறது. இனி ஒருக்காப் போய்ப் பதிந்துகொண்டு வர ஏலாது. ஆகவே நல்ல கோப்பு மேலாளர் எது எண்டு நாங்கள் தேடினது பொழுதுபோக்குக்கு இல்லை. எங்களுக்கு மூன்று விசயம் வேண்டியிருந்தது. கோப்பு எங்கேயிருந்து எங்கே போகுது எண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். போனது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா எண்டு சரிபார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே தடவையில் மாற்ற வேண்டும்.

விண்டோஸோடு வருகிற எக்ஸ்புளோரர் அன்றாட வேலைக்குப் போதும். 2022இல் அதற்கு டாப் வசதியும் வந்தது. ஆனால் ஒரு டாப் முன்னால் நின்றால் மற்றது மறைந்துவிடும். இரண்டு கோப்புறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க இரண்டு ஜன்னல் திறந்து இழுத்து வைக்க வேணும்.

இதற்கு விடை எங்களைவிட வயதானது. 1986இல் வந்த நோர்டன் கொமாண்டர் திரையை இரண்டாகப் பிரித்தது. இடப்பக்கம் ஒரு கோப்புறை, வலப்பக்கம் இன்னொன்று. எஃப்5 அழுத்தினால் கொப்பி, எஃப்6 அழுத்தினால் இடமாற்றம். மவுஸ் தேவையில்லை. இன்றைக்கும் இந்தக் குடும்பத்து மென்பொருள்களில் அதே விசைகள்தான்.

அதில் பேர்போனது டோட்டல் கொமாண்டர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கீஸ்லர் 1993இல் விண்டோஸ் கொமாண்டர் என்ற பெயரில் வெளியிட்டார். 2002இல் பெயர் மாறியது. தோற்றம் பழசு, வேகம் அபாரம். ஒருக்கா வாங்கினால் புதிய பதிப்புகளுக்குத் திரும்பக் காசு கட்டத் தேவையில்லை. வாங்காமல் பாவித்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு அறிவிப்பு வந்து, 1, 2, 3இல் ஒன்றை அழுத்தச் சொல்லும். சோதித்துப் பார்க்க 30 நாள். அதற்குப் பிறகும் அந்த இலக்கத்தை அழுத்திக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் கனபேர். டைரக்டரி ஓபஸ் இன்னும் வசதியானது. 1990இல் அமீகா கணினிக்கு வந்து, பிறகு விண்டோஸுக்கு மாறினது. நினைத்தபடி எல்லாம் வடிவமைக்கலாம். அதுவும் காசுக்குத்தான்.

“கிராக் ஒன்று போடுவம்” என்றும் எங்களுக்குள் கதை வந்தது. மாணவர் கையில் டொலரில் கட்டக் காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆரோ முகம் தெரியாதவர் உடைத்துத் தந்த மென்பொருளின் கையில் அந்த அம்மம்மாவின் குரலைக் குடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நாங்கள் எல்லாரும் போட்டுக்கொண்டது டபிள் கொமாண்டர். டோட்டல் கொமாண்டரைப் பார்த்துச் செய்யப்பட்ட திறமூல மென்பொருள். இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் மக்கிலும் ஓடும். கொன்ட்ரோல்-பி அழுத்தினால் உள்கோப்புறைகளில் கிடக்கிற எல்லாம் ஒரே பட்டியலாக விரியும். கொன்ட்ரோல்-எம் அழுத்தினால் தெரிவுசெய்த கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றலாம். மாற்றமுதல் பழைய பெயரையும் புதுப் பெயரையும் பக்கத்தில் காட்டும். இரண்டு கோப்புறைகளை ஒப்பிடுகிற வசதியில் ‘உள்ளடக்கப்படி’ என்ற பெட்டியைத் தெரிவுசெய்தால் திகதியையும் அளவையும் மட்டும் பார்க்காமல் உள்ளே இருப்பதையே ஒப்பிடும். ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணின பிறகு இதை ஓட்டாமல் நாங்கள் எழும்புவதில்லை. குறையும் இருக்கிறது. டோட்டல் கொமாண்டர் அளவுக்கு மெருகு இல்லை. புதிதாகப் பார்க்கிறவருக்குப் பொத்தான்கள் அதிகமாகத் தெரியும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு எந்த மென்பொருளும் தானாகத் தீர்க்காத சிக்கல்கள் சில உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ‘ஒ’ குறியை யூனிகோட்டில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, விண்டோஸுக்கு இரண்டு வேறு பெயர். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வட்டில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்ட ஏலாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போகும் என்பதால் 85 குறிதான் எல்லை, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. விண்டோஸில் வைத்த நீளப் பெயர் அங்கே போகாது. பாமினியில் ரைப் பண்ணின பழைய ஆவணத்துக்குள் ‘ஒப்பாரி’ எண்டு யூனிகோட்டில் தேடினால் எந்தக் கொமாண்டரும் கண்டுபிடிக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்.

அதனால் மென்பொருளைவிடப் பெயர் முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். வருடம்-மாதம்-நாள், ஊர், பாட்டின் வகை, இலக்கம். அவ்வளவுதான். திகதி இப்படி முன்னால் நின்றால் எந்த மேலாளரிலும் காலவரிசை தானாக வரும். பாடினவரின் பெயரைக் கோப்பில் போடுவதில்லை. பெயர் வெளியில் வரவேண்டாம் எண்டு கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிப் பட்டியல்.

டபிள் கொமாண்டர் ஒரு நாள் நின்றுபோகலாம். வேறொன்று வரும். அடுத்த பச்சுக்கு நாங்கள் குடுக்கப்போவது ஒரு ஹார்ட் டிஸ்க்கும், அதன் முதல் கோப்புறையில் இந்தப் பெயர் முறையை விளக்குகிற ஒரு பக்கச் சாதாரண எழுத்துக் கோப்பும். அதைத் திறக்க நோட்பாட் போதும்.