மல்லாட்டை சொல்லித்தரும் மனஉறுதி!

“மனசைக் கல்லாக்கிக்கோ!”

துக்க வீட்டிலும் சரி, தேர்வில் தோற்ற பிள்ளையிடமும் சரி, நம் ஊரில் முதலில் சொல்லப்படும் ஆறுதல் இதுதான். அழுதால் கோழை, அழாமல் இருந்தால் தைரியசாலி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு சரிதானா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். இந்த வட்டாரத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை போட்டுப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கல்லாக இறுகிய மண்ணில் அது விளையாது என்பார்கள்.

காரணம் இருக்கிறது. மல்லாட்டை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ வாடிய பிறகு அங்கிருந்து ஊசிபோல ஒரு விழுது கீழே இறங்கும். அதன் நுனி மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். மண் இறுகிக் கிடந்தால் எத்தனை பூ பூத்தும் பலனில்லை. மனசும் அப்படித்தான். இறுகிவிட்ட மனசுக்குள் வலி மட்டுமல்ல, அடுத்தவர் சொல்லும் ஆறுதலும் இறங்காது.

கொஞ்சம் வாட்டம் நல்லது

பூ எடுப்பதற்கு முன்பு தண்ணீரைச் சற்றுக் குறைத்து, பிறகு நன்றாகப் பாய்ச்சினால் மல்லாட்டை கூடுதலாகக் காய்க்கும் என்று வேளாண் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், விழுது இறங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தண்ணீர் இல்லாவிட்டால் மகசூல் விழுந்துவிடும். அதாவது வாட்டத்துக்கும் ஒரு பருவம் உண்டு, ஓர் அளவு உண்டு.

பிள்ளை வளர்ப்பிலும் இதே கதைதான். டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலாளர், தடுப்பூசிபோலச் சின்னச் சின்ன நெருக்கடிகளைச் சமாளித்துப் பழகுவது பெரிய நெருக்கடிக்கு மனசைத் தயார்படுத்தும் என்று ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார்.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். பஸ் பாஸ் தொலைந்துவிட்டதா? அப்பா ஓட வேண்டாம், பிள்ளையே போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லட்டும். பாட்டியின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வர, பிளஸ் டூ படிக்கும் பேத்தியைத் தனியாக வங்கிக்கு அனுப்பலாம். விளையாட்டில் தோற்று அழுதுகொண்டு வந்தால், “அழாதே” என்று அடக்காமல் கொஞ்ச நேரம் அழவிடலாம். அழுகை ஓய்ந்த பிறகு, “அடுத்து என்ன பண்ணலாம்?” என்று கேட்கலாம்.

புயலில் அறிவுரை வேண்டாம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கிளியனூருக்கு அக்கம்பக்கமான மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த அடியும் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது.

பயிர் மூழ்கி, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நிற்பவரிடம், “இதெல்லாம் ஒரு கஷ்டமா, தைரியமா இரு” என்று சொல்வது, காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரை நிறுத்துவதற்குச் சமம். அப்போது அவருக்குத் தேவை படுக்க ஈரமில்லாத இடம், ஒரு வாய்ச் சோறு, நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்க வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குத் துணையாக வரும் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ‘உளவியல் முதலுதவி’ வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. என்ன தேவை என்று பார், காது கொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. பேச விருப்பமில்லாதவரை நோண்டி நோண்டிக் கேட்காதே.

மண் அணைக்க ஓர் ஆள்

விதைத்து 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு, செடியின் அடியில் மண்ணை அணைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு களைக்கொத்து வைத்துக் கிளற மாட்டார்கள். இறங்கிய விழுது அறுந்துவிடும் அல்லவா!

மனிதருக்கும் மண் அணைப்பு வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் என்று பல சிரமங்களை ஒன்றாகச் சுமந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலைநிமிர்ந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது, அன்பும் அக்கறையும் காட்டிய ஒரு பெரியவர். பெற்றோர்தான் என்றில்லை. பாட்டி, அத்தை, டீச்சர் என யாராகவும் இருக்கலாம்.

தினசரி என்ன செய்யலாம்?

* கோபமா, பயமா, அவமானமா? மனசில் இருப்பது எது என்று பெயர் சொல்லிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் பாரம் கொஞ்சம் குறையும்.
* கடன், நோய், வேலை என்று எதுவானாலும், இன்று நம் கையில் இருக்கும் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்து முடியுங்கள்.
* ராத்திரித் தூக்கத்தைத் தியாகம் செய்யாதீர்கள். தூங்காத மனசுக்குச் சின்ன விஷயமும் மலையாகத் தெரியும்.
* எந்த நேரத்திலும் போன் செய்யக்கூடிய ஒருவரைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு நீங்களும் அப்படி இருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது பலவீனம் அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவமனை போவதுபோல, இதற்கும் போக வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் வந்து கண்கலங்கினால், “மனசைக் கல்லாக்கிக்கோ” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “உட்காரு, சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.