இசட்28 என்று ஒட்டிவிட்டால் போதுமா?

அசல் இசட்28 கமாரோ எது, வேஷம் கட்டியது எது என்று பார்த்துச் சொல்வதற்கே அமெரிக்காவில் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டி வாங்க நினைப்பவர் அவர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறார். நான் பார்க்கப்போன பட்டறை ஒஹாயோவில், நார்வுட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்சினாட்டி நகரம் சுற்றி வளைத்திருக்கும் சின்ன ஊர் நார்வுட். செவர்லே கமாரோ பிறந்த இரண்டு ஆலைகளில் ஒன்று அங்கே இருந்தது, மற்றது கலிபோர்னியாவின் வான் நைஸில். நார்வுட் ஆலையை 1987லேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்த ஆலையில் மாமனோ சித்தப்பாவோ வேலை பார்த்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய.

பட்டறைக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. தகட்டு வேலையெல்லாம் முப்பது சொச்சம் வயதுள்ள ஒரு பெண் பார்க்கிறார். நான் போனபோது ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட 1969 கமாரோ ஒன்று லிப்டில் ஏறியிருந்தது. முன்பக்கக் கிரில்லிலும் பக்கவாட்டிலும் பின்னாலும் இசட்28 என்று பளபளத்தது. கிழவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்னங்கள் புதிதாக, டப்பாவில் அடைத்து, கடையிலேயே கிடைக்கின்றன. 1967ல் வந்த அசல் இசட்28இல் அப்படி ஒரு சின்னமே கிடையாது, பட்டை மட்டும்தான். அந்த வருஷம் செய்த 2,20,906 கமாரோக்களில் இசட்28 வெறும் 602.

பெயரே ஆர்டர் படிவத்தில் இருந்த ஒரு குறியீட்டு எண்தான். கமாரோவில் ஆர்எஸ் வகை வேண்டுமென்றால் இசட்22, எஸ்எஸ் வகை என்றால் இசட்27. அடுத்த எண்ணான இசட்28 டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக வந்தது. அந்தப் பந்தயத்தில் இஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 327 இஞ்சினின் பிளாக்கில் 283இன் கிராங்கைப் பூட்டி 302 ஆக்கினார்கள். காகிதத்தில் 290 குதிரைத்திறன், நிஜத்தில் அதைவிடக் கூடுதல் என்பது ஊரறிந்த ரகசியம். நாலு கியர் மேனுவலும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் கட்டாயம், ஏசி கிடையாது.

சிக்கல் வண்டி எண்ணில் இருக்கிறது. டாஷ்போர்டு ஓரத்தில், கண்ணாடி வழியாகத் தெரியும் அந்தத் தகட்டில் 124 என்று தொடங்கினால் வி8 இஞ்சின், 123 என்றால் ஆறு சிலிண்டர். அடுத்து 37 வந்தால் கூப்பே, 67 வந்தால் கன்வெர்ட்டிபிள். பிறகு வருஷம், ஆலை, வரிசை எண். அவ்வளவுதான். எஸ்எஸ்ஸா இசட்28ஆ என்று அது சொல்லாது. அதே செவர்லேயின் செவெல் எஸ்எஸ் 396க்கு 1966 முதல் 1968 வரை 138 என்று தனித் தொடக்கமே உண்டு. கமாரோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே சாதாரண வி8 கமாரோ எதையும் இசட்28ஆக மாற்றலாம், எண் காட்டிக்கொடுக்காது.

கிழவர் பானெட்டைத் திறந்தார். டிரைவர் பக்கம், இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரின் மேல்மூலையில் ஒரு சின்ன அலுமினியத் தகடு. இது ஃபிஷர் பாடி அடித்தது. நார்வுட்டில் கூடு கட்டியது ஃபிஷர், இஞ்சின் பூட்டியது செவர்லே. கூடு கட்டுகிறவனுக்கு எந்த இஞ்சின் என்பது எதற்கு? பெயிண்ட், சீட் நிறம், ஓரப்பட்டி தெரிந்தால் போதும். அதனால்தான் தகட்டில் இஞ்சின் விவரம் இல்லை. 1968 டிசம்பர் முதல் நார்வுட்டில் மட்டும் ‘எக்ஸ்’ என்று தொடங்கும் குறியீடு ஒன்றைச் சேர்த்தார்கள். அலங்காரப் பட்டிகளைச் சரியாகப் பூட்டுவதற்காக வந்த அது, இன்றைக்குப் பெரிய சாட்சி. எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் இசட்28. இந்த வண்டியில் எக்ஸ்33. தேதி 03டி, அதாவது மார்ச் நாலாவது வாரம்.

“இதையும் அடித்து விற்கிறார்கள்” என்றார். ரிவெட்டின் தலையையும், தகட்டுக்கு அடியில் பெயிண்ட் ஓடியிருக்கும் விதத்தையும் பார்க்கவே வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்தப் பெண் ஹீட்டர் பெட்டியைக் கழற்றியிருந்தார். அதன் மறைவில் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியை ஆலையிலேயே கொத்தியிருப்பார்கள். டாஷ்போர்டு எண்ணோடு அது ஒத்துப்போனது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். நாலு கியர் வண்டிக்குத் தரைத்தகட்டில் ஒரு புடைப்பு வேண்டும். ஆலையில் அதை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள், வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் விழும், இடைவெளி ஒரே சீராக இருக்காது. “நாங்கள் வைத்தால் இதைவிட அழகாக வைப்போம். அதில்தான் மாட்டிக்கொள்வோம்” என்று சிரித்தார். இந்த வண்டியில் குழிகள் கோணல்மாணலாக இருந்தன. கூடு அசல்.

இஞ்சினில்தான் வில்லங்கம். முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு திட்டு. 1969இல் ஆல்டர்னேட்டர் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். கிழவர் அதைக் கழற்றி, திட்டில் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தார். ‘வி0311டிஇசட்’ என்று தெரிந்தது. வி என்றால் ஃபிளின்ட் இஞ்சின் ஆலை, மார்ச் 11, டிஇசட் என்பது அந்த வருஷத்து 302. பிளாக்கின் பின்பக்கம் வார்ப்புத் தேதி ‘சி 5 9’, அதாவது 1969 மார்ச் 5. வார்த்து, ஆறு நாளில் இஞ்சினாகி, மாதக் கடைசியில் வண்டியில் ஏறியிருக்கிறது. திட்டில் அந்த எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே வண்டி எண்ணின் பகுதியும் 19என் என்று தொடங்கிச் சரியாக இருந்தது. நானாக இருந்தால் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன்.

அவர் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். வேறொரு பழைய பிளாக்கைக் கொண்டுவந்து அதன் திட்டிலும் அதே மாதிரி வெளிச்சம் அடித்துக் காட்டினார். ஆலையில் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவும் எந்திரம், வாசல் மணலில் விளக்குமாறு இழுத்த தடம்போல நேர்நேராக மெல்லிய கோடுகளை விட்டிருக்கும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்கும். பழைய பிளாக்கில் அந்தக் கோடுகள் இருந்தன. இந்த வண்டியில் இல்லை. வழவழவென்று இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் உப்புத்தாள் தேய்த்த வளைந்த கீறல். யாரோ பழைய எழுத்தைச் சீவி எறிந்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. 302 இஞ்சினை 7,000 சுற்றுக்கு மேல் விரட்டி உடைத்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். வாரண்டியில் செவர்லே வேறு பிளாக் கொடுத்தது, அவற்றில் ‘சிஇ’ என்று குத்தியிருக்கும். “அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்த வண்டி ஓடிய கதையாவது மிஞ்சியிருக்கும்” என்றார். என்னைக் கேட்டால், பிறந்த இஞ்சினோடு இருந்தால்தான் மதிப்பு என்று விலையை ஏற்றிவிட்ட வாங்குபவர்களுக்கும் இந்தப் பித்தலாட்டத்தில் பங்கு உண்டு.

பான்டியாக் வண்டி என்றால் இவ்வளவு பாடு இல்லை. அதன் தயாரிப்புப் பதிவுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, பணம் கட்டினால் நகல் கிடைக்கும். கனடாவில் விற்ற செவர்லேக்களுக்கும் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடாக் கிளை தகவல் தரும். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே பில் துண்டுகளையும், வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிய சின்ன உலோகத் தகட்டையும் சொத்துப் பத்திரமாகப் பூட்டிவைக்கிறார்கள்.

இந்தப் பட்டறையிலேயே போலியும் செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘குளோன்’ என்று பில்லிலேயே எழுதிவிடுகிறார்கள். எண்ணில் கை வைப்பதில்லை, வண்டி எண்ணைத் திருத்துவது மத்தியச் சட்டப்படி குற்றம். அந்தப் பெண் தான் மாற்றும் வண்டி ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டுக்கு அடியில் தன் குறி ஒன்றை வெல்டிங்கில் போட்டுவைக்கிறாராம். நாலு கை மாறிய பிறகு பில் எங்கே இருக்கும்? எந்த இடத்தில் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

சாயங்காலம் அறிக்கை தயாரானது. கூடு: அசல் எக்ஸ்33, நார்வுட். பின் ஆக்சில்: பியூ, 3.73 விகிதம், சரி. இஞ்சின்: 302 வகை, தேதி பொருந்துகிறது, முத்திரை ஆலையில் குத்தியது அல்ல. விற்பவர் போனில் கெஞ்சினார், கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள், வேண்டுமானால் ‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று போடுங்கள் என்று. கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, சீவிய திட்டின் புகைப்படத்தையும் சேர்த்து, கூலி கொடுத்தவருக்கு அறிக்கையை அப்படியே அனுப்பினார்.