இரண்டு கியரில் மாட்டிய மனம்

பொன்மலை என்றதும் ரயில்வே பணிமனையே நினைவுக்கு வரும். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களைச் செப்பனிட்டுத் தரும் இடம் அது. அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சென்ற புரட்டாசியில் எங்கள் பழைய டிராக்டருக்கு உயிர் கொடுத்தார்.

சம்பா நடவுக்குச் சேறடிக்கும் வேளை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அப்போது கியர் ராடு இறுகி, வண்டி முன்னும் போகாமல் பின்னும் வராமல் வயலிலேயே நின்றது. இளைஞர் இருவர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

"பலம் வேண்டாம் தம்பி. ஒரே நேரத்தில் இரண்டு கியரில் மாட்டியிருக்கிறது" என்றார் பெரியவர். எஞ்சினை நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். உள்ளே மண் விழாதபடி மேல்மூடியைத் துடைத்து, போல்ட்டுகளைக் கழற்றி ராடைத் தூக்கினார். அதன் அடிமுனை தேய்ந்திருந்தது. ஆகவே அது ஒரு தண்டின் பள்ளத்திலிருந்து நழுவி, அதனை நியூட்ரலுக்குத் திருப்பாமலே அடுத்த தண்டையும் தள்ளியிருந்தது. ஸ்குரூடிரைவரால் தண்டுகளை மெல்ல நகர்த்தி, பள்ளங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தினார். தேய்ந்த முனையில் பற்றவைத்து, அரத்தால் அளவாக ராவிப் பொருத்தினார். மறுநாள் நடவு நடந்தது.

மனமும் அப்படித்தான். பற்றிய ஒன்றை விடாமல் மற்றொன்றையும் பற்றினால் இரண்டுமே பூட்டிக்கொள்கின்றன. பொன்மலைக்கு அருகிலுள்ள திருவெறும்பூரில், அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்புருக் கொண்டு வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். அந்தச் சிற்றுயிர்கள் ஏறிவர ஈசன் தலைசாய்த்தருளினான். நிதானத்துக்கு இறைவனும் இரங்குகிறான்.

ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனம் இடுமுன், அதன் முனை தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம்.